"எனக்குக் கதைக்கத் தெரியாது" என்று சொல்லாதீர்கள்



கொழும்புத்துறையில் எங்கள் மாதர் சங்கப் பெண்கள் கூடும் நாட்களில் நான் அதிகம் கேட்கும் வசனம், "எனக்குக் கதைக்கத் தெரியாது அக்கா" என்பதுதான். பனையோலைப் பெட்டி இழைக்கத் தெரியும், ஒடியல் காயவைக்கத் தெரியும், நண்டு உடைக்கத் தெரியும். இடம்பெயர்ந்த காலங்களில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அவர்களைக் காப்பாற்றவும் தெரிந்தது. ஆனால் பிரதேச செயலகத்தில் ஒரு மேசைக்கு முன்னால் போய் நின்றால் நா எழுவதில்லை.

இதனால் வரும் நட்டம் சிறியதல்ல. எங்கள் சங்கத்தில் ஒரு தங்கை சட்டை தைத்துக் கொடுத்துச் சீவிக்கிறாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். வாராவாரம் கூலி வாங்கப் போகும்போது "பழுது" என்று சொல்லிச் சில சட்டைகளுக்குக் காசு கழிப்பார்கள். எந்தச் சட்டை, என்ன பழுது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. "கேட்டால் வேலையை நிப்பாட்டிப் போடுவினம் அக்கா" என்பாள்.

அவளைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய காரியங்களைச் சாதித்த பெண்களைப் பற்றிப் படிக்கும்போது அவர்கள் பிறக்கும்போதே பேச்சு வல்லமையோடு பிறந்தவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். அவர்களுடைய தொடக்க காலத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

முதலில் கேட்டவர்

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 1933 இல் பிறந்த இலா பட் சட்டம் படித்தவர். 1955 இல் அங்குள்ள ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் சட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அச்சங்கத்தின் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். 1971 இல் நகரத்துத் துணிச் சந்தையில் வண்டி இழுக்கும் பெண்கள் சிலர், இருக்க இடமில்லை என்று உதவி தேடி வந்தார்கள். இலா பட் கந்தோரில் இருந்தபடியே ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. அவர்களோடு கூடவே போய் அவர்கள் வாழும் இடத்தைப் பார்த்தார். அங்கே துணி மூட்டைகளைத் தலையில் சுமக்கும் பெண்களையும் சந்தித்தார். அவர்களுக்கு நடைக் கணக்கில்தான் கூலி. எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம் என்ற பேச்சே இல்லை. எத்தனை நடை நடந்தார்கள் என்பதற்கு எழுத்தில் எந்தக் கணக்கும் இல்லாதபடியால் அந்தக் கூலியிலும் குறைந்துதான் கைக்கு வந்தது.

கேட்டதை எல்லாம் அவர் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது. தாங்கள் அந்தப் பெண்களை நியாயமாகவே நடத்துகிறோம் என்று அவர்களும் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டார்கள். இந்த இடத்தில் நாங்களாக இருந்தால் ஒன்று அழுதிருப்போம், அல்லது சண்டைக்குப் போயிருப்போம். பெண்கள் பிரிவினர் வியாபாரிகள் சொன்னதையே சிறு அட்டைகளில் அச்சடித்துச் சுமைதூக்கும் பெண்களிடம் கொடுத்தார்கள். "நீங்கள் கொடுப்பதாகச் சொன்னது இதுதானே, இதையே தாருங்கள்" என்று கேட்பதற்கு அந்த அட்டை உதவியது. உரத்த குரலும் அடுக்குமொழியும் அதற்குத் தேவைப்படவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் சுயதொழில் செய்யும் பெண்களுக்கென்று 'சேவா' சங்கம் உருவானது. பதிவு செய்யப் போனபோது தொழில் திணைக்களம் மறுத்தது. முதலாளி என்று ஒருவர் இல்லாதபோது யாரை எதிர்த்துத் தொழிற்சங்கம் என்று கேட்டது. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்கு மாத்திரமல்ல, தொழிலாளர் ஒன்றுபடுவதற்கும்தான் என்று இவர்கள் விளக்கினார்கள். 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது. 1974 இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபா பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆகவே ஆளை அடையாளம் காண வங்கிப் புத்தகத்தில் படம் ஒட்டப்பட்டது. இலா பட் 2022 இல் காலமானார். அந்தச் சங்கமும் வங்கியும் இன்றும் இயங்குகின்றன.

எங்கள் தையல்காரத் தங்கைக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஒரு கொப்பி வாங்கினாள். கொடுத்த திகதி, கொடுத்த சட்டைகளின் எண்ணிக்கை, கழித்த காசு என்று எழுதிவந்தாள். பிறகு சங்கத்தில் நான் கடைக்காரராக இருக்க, அவள் என்னிடம் கேட்டுப் பழகினாள். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் அழுகை வந்தது. மூன்றாம் தரம் சொல்லி முடித்தாள்: "போன கிழமை மூன்று சட்டைக்குக் காசு கழித்தீர்கள். அந்த மூன்றையும் ஒருக்கால் காட்டுங்கோ. என்ன பிழை என்று தெரிந்தால் திருத்தித் தைப்பேன்." அதையே கடையிலும் போய்ச் சொன்னாள். காட்டினார்கள். இரண்டில் தையல் பிசகியிருந்தது. அதை ஒத்துக்கொண்டாள். மூன்றாவதில் பிழை துணியில் இருந்தது. அந்தக் காசு கிடைத்தது. வேலையும் நிற்கவில்லை.

பொருளும் பேசும்

1959 மார்ச் 15 ஆம் திகதி மும்பையின் கிர்காம் பகுதியில் 7 குடும்பப் பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி, ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் போடத் தொடங்கினார்கள. அன்று செய்தது 4 பைக்கற் மாத்திரமே. இதுதான் இன்று 'லிஜ்ஜத்' என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம்.

முதல் மாரியிலேயே தொழில் படுத்துவிட்டது. காயவைக்க வெயில் இல்லாமல் 4 மாதங்கள் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கி, கட்டிலில் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். மாரி மழையில் ஒடியலைக் காப்பாற்றப் பாடுபடும் எங்களுக்கு இந்தச் சிரமம் நன்றாக விளங்கும்.

தொடக்கத்தில் அவர்கள் நல்ல அப்பளம் ஒரு விலைக்கும், தரம் குறைந்தது மலிவு விலைக்கும் என இரண்டு வகை செய்தார்கள். கடன் கொடுத்து உதவிய பெரியவர் சகன்லால் கரம்சி பரேக் அதை நிறுத்தச் சொன்னார். ஒரே தரம், அதுவும் நல்ல தரம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வருட விற்பனை 6,196 ரூபா. பிறகு பல்லாயிரம் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அந்த 7 பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021 இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார்.

வாய் திறந்து தன் பொருளைப் புகழத் தெரியாதவளும் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் கொடுத்தால் அந்தப் பொருளே அவளுக்காகப் பேசும்.

31 வருடங்கள் கேட்டவர்

புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் பல எதிர்ப்புகளுக்கு நடுவே இடம் பெற்றவர். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியராகத் தேறினார். 1923 இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். இந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அன்று தொடங்கியவர் ஓயவில்லை. சட்டசபைக்குப் போய்த் துணைத் தலைவரான பிறகும் அதை மறக்கவில்லை. 1954 இல் அடையாறில் 12 கட்டில்களோடு அந்த ஆஸ்பத்திரி திறந்தது. தங்கை இறந்து 31 வருடங்கள்! ஒரு தரம் "இல்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்று திரும்பி வந்திருந்தால் அது நடந்திராது.

எங்கள் மண்ணிலும் அப்படி ஒருவர் இருந்தார். தெல்லிப்பளையில் 1925 இல் பிறந்து 2008 இல் காலமான சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மாவின் பேச்சை எங்களில் பலர் நேரில் கேட்டிருப்போம். அவர் முதலில் ஒரு பாடசாலை ஆசிரியை. வகுப்பறையில் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லிப் பழகிய அந்த நாவே பிறகு பெரிய மேடைகளில் பேசியது. பேச்சால் பெற்ற செல்வாக்கை ஆதரவற்ற பெண்பிள்ளைகளின் இல்லத்துக்குப் பயன்படுத்தினார்.

நாங்கள் செய்யக்கூடியவை

1. போவதற்கு முன், கேட்க வேண்டியதை ஒரே வசனத்தில் கொப்பியில் எழுதுங்கள். சங்கத்தில் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பழகுங்கள்.

2. துயரக் கதை முழுவதையும் முதலில் சொல்லத் தேவையில்லை. திகதி, தொகை, பெயர், வேண்டியது என்ன, இவற்றைச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் கேட்டால் சொல்லலாம்.

3. தனியே போகப் பயமென்றால் இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். பேசியவரின் பெயரையும் சொன்ன பதிலையும் அவர் குறித்துக்கொள்ளட்டும்.

4. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கடன் பத்திரமென்றால் வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

5. அரச கந்தோரில் பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே அதை எழுத வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

சகோதரிகளே, வீட்டிலே பிள்ளையின் காய்ச்சல் எப்போது தொடங்கியது, என்ன கொடுத்தோம், எப்போது குறைந்தது என்று வைத்தியருக்கு ஒழுங்காகச் சொல்கிறோம் அல்லவா? அதுவும் பேச்சுத்தான். அதே ஒழுங்கோடு எங்கள் கூலியையும் எங்கள் உரிமையையும் சொல்லிப் பழகுவோம். இந்த மாதம் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் நீங்கள் இதுவரை கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை எழுதுங்கள்.