மழை பெய்தது... ஊரே கண்ணாடி ஆனது!

கரன்ட் போனால் நாம் என்ன செய்வோம் குட்டீஸ்? விசிறியைத் தேடுவோம். மொட்டை மாடிக்கு ஓடுவோம். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றுவார். தாத்தா கதை சொல்வார். கரன்ட் வந்ததும், 'ஹே...' என்று தெருவே கத்தும்!

ஆனால், சில நாடுகளில் குளிர் காலத்தில் கரன்ட் போனால் யாருக்கும் வியர்க்காது, விறைக்கும்! வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும். வீட்டைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் நின்று போகும். அப்படி ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, சில வீடுகளில் ஒரு மாதம் வரை கரன்ட் இல்லாமல் போனது. அது, 1998ம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் கிழக்குப் பகுதியிலும், அதை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களிலும் நடந்தது. அதற்குக் காரணம் புயல் காற்றோ, பூகம்பமோ அல்ல... சாதாரண மழை!

மழை எப்படி ஐஸ் ஆகிறது?

வானத்தை மூன்று மாடி வீடு என்று நினைத்துக் கொள்ளுங்கள். மேல் மாடியில் கடும் குளிர். அங்கே வெண்பனி உருவாகிறது. நடு மாடியில் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று. அதற்குள் விழும் பனி உருகி, மழைத் துளியாகி விடுகிறது. தரையை ஒட்டிய கீழ் மாடியில் மறுபடியும் குளிர்!

கீழ் மாடி உயரம் குறைவு. அதனால், அந்தத் துளி மறுபடி பனியாக மாற நேரம் இல்லை. பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்த பிறகும் தண்ணீராகவே வந்து விழுகிறது. மரக்கிளை, மின்கம்பி, கார், படிக்கட்டு... எதைத் தொட்டாலும், தொட்ட இடத்திலேயே உறைந்து ஐஸ் ஆகி விடும். இதை உறைமழை என்று சொல்லலாம்.

கொஞ்ச நேரம் பெய்தால் பார்க்க அழகுதான். ஒவ்வொரு புல்லும் கண்ணாடி உறை போட்டது போல் மின்னும். ஆனால் 1998ல், ஜனவரி 5ம் தேதி முதல் 10ம் தேதி வரை, விட்டு விட்டுப் பெய்து கொண்டே இருந்தது. மான்ட்ரியல் நகருக்குத் தெற்கே சில இடங்களில், 100 மில்லி மீட்டர் அளவுக்குக் கொட்டியது. கண்ணாடி உறை தடித்துக் கொண்டே போனது.

ஒரு கணக்கு போடுவோமா?

மூன்று சென்டி மீட்டர் குறுக்களவு உள்ள ஒரு மின்கம்பி. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 சென்டி மீட்டர் தடிமனுக்கு ஐஸ். அப்படியானால், ஒரு மீட்டர் கம்பியில் மட்டும் 5 கிலோவுக்கு மேல் ஐஸ் இருக்கும். இரண்டு கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் என்றால், ஒரே கம்பியில் ஒன்றரை டன்! ஒரு காரைத் தூக்கிக் கம்பியில் தொங்க விட்டது போலத்தான். இப்படி ஒரு கோபுரத்தில் பல கம்பிகள்!

எஃகு கோபுரங்கள் தாங்குமா? முதலில் ஒன்று மடங்கியது. அது விழும்போது கம்பியைப் பிடித்து இழுக்க, பக்கத்துக் கோபுரம் சாய்ந்தது. அது அடுத்ததை இழுத்தது. சீட்டுக்கட்டு வீடு சரிவது போல் வரிசையாக விழுந்தன. சுமார் 1,000 உயரமான கோபுரங்கள் சாய்ந்தன. ஒடிந்த மரக்கம்பங்கள் 30 ஆயிரத்துக்கும் அதிகம்.

கனடாவில் மட்டும், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருளில் மூழ்கினர். சுமார் 6 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினர். கியூபெக் மாநிலத்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம்தான். எனவே, விளக்கு அணைந்த அன்றே வீடும் குளிரத் தொடங்கியது. செயின்ட் ஹயசின்த், கிரான்பி, செயின்ட் ஜீன் ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில்தான் பாதிப்பு மிக அதிகம். அதற்கு, 'இருள் முக்கோணம்' என்றே பெயர் வந்து விட்டது.

மான்ட்ரியல் நகரில், தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கே மின்சாரம் நின்றது. சுற்றிலும் ஐஸ், குழாயில் தண்ணீர் வருமா என்ற பயம்!

தெருவில் ஓடிய ரயில் எஞ்சின்!

மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் உள்ள ஊர் பூஷர்வில். அங்கே நகரசபைக்கு மின்சாரம் வேண்டும். பெரிய ஜெனரேட்டர் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு ரயில் எஞ்சினையே கொண்டு வந்தனர்!

டீசல் ரயில் எஞ்சின் என்பது, நடமாடும் மின் நிலையம் மாதிரி. உள்ளே டீசலால் ஓடும் இயந்திரம் மின்சாரம் தயாரிக்கிறது. அந்த மின்சாரம்தான் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்த எஞ்சினைத் தண்டவாளத்தை விட்டு இறக்கி, தார் ரோட்டிலேயே ஓட்டிச் சென்று, நகரசபைக் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுத்தனர்.

பால் பண்ணைகளில் வேறு விதமான தவிப்பு. அங்கே இயந்திரத்தில்தான் பால் கறப்பார்கள். கரன்ட் இல்லை என்பது பசுவுக்குத் தெரியுமா? கறக்காமல் விட்டால், மடி வீங்கி நோய் வந்து விடும். விவசாயிகள் ஒரே ஜெனரேட்டரை முறை வைத்து, ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு எடுத்துப் போய், இரவு பகலாகப் பால் கறந்தனர். ஆனால், பாலைப் பதப்படுத்தும் ஆலைகளும் ஓடவில்லை. கறந்த பாலில் ஏராளமான லிட்டரைக் கீழே கொட்ட வேண்டியதாயிற்று.

உதவிக்கு, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள் வந்தனர். அமெரிக்காவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து கம்பி இழுத்தனர். பள்ளிக்கூடங்கள் தங்கும் முகாம்களாயின. விறகு அடுப்பு இருந்த வீடுகளில், அக்கம் பக்கத்தினர் எல்லாரும் ஒன்றாகத் தங்கினர்.

மூக்குக்குத் தெரியாத எதிரி

அந்தப் புயலில், இரண்டு நாடுகளிலுமாக, 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்லாரும் குளிரால் இறந்தார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சிலர் தீ விபத்தில் இறந்தனர். சிலர் மீது ஐஸ் விழுந்தது. வேறு சிலரைக் கொன்றது, குளிரைப் போக்க அவர்களே மூட்டிய நெருப்பும், ஓட்டிய ஜெனரேட்டரும்!

கரி, பெட்ரோல், காஸ், மண்ணெண்ணெய்... எது சரியாக எரியாவிட்டாலும், கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக் கொள்ளும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் வேறு ஆள் உட்கார்ந்து விட்டால், நமக்கு இடம் ஏது? அதே கதைதான். மூச்சு விட்டுக் கொண்டே இருப்போம்; ஆனால், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, தூக்கக் கலக்கம்... இவைதான் அடையாளங்கள். வீட்டில் ஒரே நேரத்தில் பல பேருக்கு இப்படி வந்தால், உடனே எல்லாரும் வெளியே திறந்த வெளிக்கு ஓடி விட வேண்டும். அதன் பிறகுதான் உதவிக்குக் கூப்பிட வேண்டும். 'குளிருதே' என்று உள்ளேயே இருந்தால் ஆபத்து.

இது, கனடாவின் பிரச்னை மட்டும் அல்ல குட்டீஸ். நம் ஊட்டி, கொடைக்கானல் பக்கமும், குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, உயிரை விட்டவர்கள் உண்டு. கரி அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டுக்கும் இடம் வீட்டுக்கு வெளியேதான். அதுவும், ஜன்னல், கதவிலிருந்து தள்ளி!

ஒரே அறை... ஒரே குடும்பம்!

நெருப்பு இல்லாமல் குளிரை எப்படிச் சமாளிப்பது? அந்த ஊர் மக்கள் செய்வது இதுதான்:

* வீடு முழுக்கச் சூடாக்க முடியாது. ஒரு சின்ன அறையைத் தேர்ந்தெடுத்து, எல்லாரும் அங்கேயே இருப்பார்கள். கதவு இடுக்கில் துணியை அடைப்பார்கள். மேஜை மேல் போர்வை போட்டுக் கூடாரம் கட்டினால், குழந்தைகளுக்கு விளையாட்டுமாச்சு, கதகதப்புமாச்சு.

* ஒரே ஒரு தடிமனான உடையை விட, மெல்லிய உடைகள் மூன்று நான்கு போடுவது நல்லது. ஒவ்வொரு உடைக்கும் நடுவே தங்கும் காற்று, சூட்டை வெளியே விடாது. தலைக்குத் தொப்பி, காலுக்கு சாக்ஸ். ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும்.

* பகலில் வெயில் வரும் ஜன்னல் திரையைத் திறப்பார்கள். இருட்டியதும் மூடி விடுவார்கள்.

* வெளிச்சத்துக்கு டார்ச் லைட். போர்வைக் கூடாரத்துக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

* தண்ணீர் உறையும்போது, அதன் அளவு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடும். குழாயே வெடித்து விடும்! அதனால், குழாயை லேசாகத் திறந்து சொட்ட விடுவார்கள். வீட்டை விட்டுப் போனால், மெயின் வால்வை மூடி, குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்து விடுவார்கள்.

* யாராவது நடுங்கி, பேச்சுக் குழறி, தூங்கித் தூங்கி விழுந்தால், உடம்பு வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போயிருக்கலாம். போர்வை போர்த்தி, உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

பிரிட்ஜில் ஒரு வேடிக்கை!

வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, பிரிட்ஜுக்குள் இருக்கும் சாப்பாடு கெட்டுப் போகும்! கதவைத் திறக்காமல் இருந்தால், பிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைய பொருள் இருக்கும் பிரீசர், 48 மணி நேரம் வரை குளிர்ச்சியாக இருக்கும். 'அப்படியே வெளியே வைத்தால் என்ன?' என்று கேட்பீர்கள். வெயில் பட்டால் உருகி விடும். நாய், பூனை விடுமா? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்தால், இலவசமாக ஐஸ் கட்டி ரெடி. அதைக் கொண்டு வந்து பிரிட்ஜுக்குள் வைத்து விடலாம்!

மழை நின்ற பிறகும் உஷார்

ஐஸ் சுமந்த கிளைகள், மழை நின்ற பிறகும் 'படார்' என்று முறியும். மரத்தடியில் நடக்கக் கூடாது. கிளையை அடித்து ஐஸை உதிர்க்கவும் கூடாது. கிளையும் சேர்ந்து ஒடியும். அறுந்து கிடக்கும் கம்பியில் கரன்ட் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் தெரியாது. குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம்மூர் மழைக் காலத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மேப்பிள் மரங்களும் அந்தப் புயலில் ஏராளமாக முறிந்தன. அந்த மரத்தின் இனிப்பான சாறைக் காய்ச்சித்தான், அங்கே பாகு தயாரிப்பார்கள். ஒரு கன்று வளர்ந்து சாறு எடுக்கும் அளவுக்கு வர, 30, 40 ஆண்டுகள் ஆகும். கோபுரத்தைச் சில மாதங்களில் கட்டி விடலாம். மரத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பிறகு, கோபுரங்களைப் பலப்படுத்தினர். ஒன்று விழுந்தாலும் வரிசை முழுக்க விழாதபடி, இடையிடையே மிக உறுதியான கோபுரங்களை நட்டனர். ஆனாலும், உறைமழை விடவில்லை. 2013 டிசம்பரில் டொரான்டோ நகரைத் தாக்கியது. நம் தமிழர்கள் நிறைய பேர் வாழும் ஸ்கார்பரோ பகுதியும், கிறிஸ்துமஸ் சமயத்தில் இருண்டு கிடந்தது. 2023 ஏப்ரலில், கியூபெக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. அப்போதும், ஜெனரேட்டர் புகையால் ஓர் உயிர் போனது. 1998ல் கற்ற பாடம்தான். 25 ஆண்டுகளில் மறந்து விட்டது!

அதனால் குட்டீஸ், இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் டார்ச் லைட் எங்கே இருக்கிறது? பேட்டரி வேலை செய்கிறதா? இருட்டில் கையை நீட்டினால் எடுக்க முடியுமா? பார்த்து வையுங்கள். பக்கத்து வீட்டில் தாத்தா, பாட்டி தனியாக இருந்தால், அடுத்த முறை கரன்ட் போகும்போது, அந்த டார்ச் லைட்டோடு போய், 'பாட்டி, ஏதாவது வேணுமா?' என்று ஒரு குரல் கொடுத்து விட்டு வாருங்கள்.