உங்களுக்குத் தெரியுமா? மேட்டூரிலும் கூடங்குளத்திலும் நீராவிதான்!

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து நீரைக் கொதிக்க வைக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அந்த வேலையை யுரேனிய அணுக்களின் பிளவு செய்கிறது. டர்பைனைச் சுழற்றுவது இரண்டிலும் நீராவிதான்!

கூடங்குளம் உலைக்குள் ஓடும் நீர் சுமார் 320 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் கொதிப்பதில்லை. காரணம், காற்றழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கும் மேலான அழுத்தம். அந்தச் சூட்டைக் குழாய்ச் சுவர் வழியாக வாங்கிக்கொள்ளும் வேறொரு நீர்தான் ஆவியாகி டர்பைனுக்குப் போகிறது. உலைக்குள் ஓடிய நீர் டர்பைன் பக்கமே வராது. அருமையான ஏற்பாடு!

1,000 மெகாவாட் திறனுள்ள முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது. எல்லா நிலையங்களின் மின்சாரமும் அதில் ஒன்றாகக் கலப்பதால், நாமக்கல் கோழிப்பண்ணை விளக்கிலும் சேலத்து விசைத்தறியிலும் எது மேட்டூர் மின்சாரம், எது கூடங்குளத்து மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.