கேட்பதற்கென எழுந்த ஆலயம்

ஆலயத்தின் அழகை நாம் பெரிதும் கண்ணால் அளக்கிறோம். செவியையும் அளவுகோலாகக் கொண்டோர் இருவர் உண்டு. சிக்காகோ நகரில் 1883 முதல் 1895 வரை கூட்டாகப் பணியாற்றிய கட்டடக் கலைஞர்கள் தங்மார் ஆட்லரும் லூயி சல்லிவனும் அவர்களே. ஆட்லர் கட்டுமானத்திலும் ஒலியியலிலும் வல்லவர். சல்லிவன் வடிவும் அணியும் வகுத்தவர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஆடிட்டோரியம் அரங்கில் (1889), மேடையிலிருந்து விரிந்து செல்லும் கூரை வளைவுகள் ஓசையைக் கடைசி வரிசைவரை கொண்டுசென்றன.

அடுத்து, ஆட்லரின் தந்தை ரபீயாக ஊழியஞ்செய்திருந்த யூத சபைக்கு, 1890-91இல் இவ்விருவரும் ஜெப ஆலயம் ஒன்றை அமைத்தனர். 1922இல் கறுப்பின மக்களின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை அதனை வாங்கிற்று. 1932 முதல் தாமஸ் டார்சி அங்கே இசைப்பணியை நடத்த, அவர்தம் நற்செய்திப் பாடல்கள் அக்கூரையின்கீழ் முழங்கின. 2006 ஜனவரியில், கூரை பழுதுபார்க்கப்படுகையில் மூண்ட தீயால் உட்புறம் அழிந்தது, கற்சுவர்களே எஞ்சின.

சபை மாறியது, மொழியும் இசையும் மாறின. எனினும், குரல் தெளிவாய்ச் செவிசேரவேண்டும் என்னும் நோக்கில் எழுந்த ஆலயம் இரு சபைக்கும் ஏற்றதாயிற்று. ஆலயம் கட்ட முனையும் ஆயர், கோபுரத்தின் உயரத்தைக் கேட்குமுன், கடைசி இருக்கையில் அமரும் முதியவருக்குத் திருவசனம் கேட்குமா எனக் கேட்பது நன்று.