காரின் மேனியில் ஒரு கீறல்

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்களுக்கு அடி அண்ணாமலையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக்கு நேர் பின்புறம், 14 கிலோ மீட்டர் பாதையில் ஏறக்குறையப் பாதி வழி நடந்து களைத்தவர்கள் சற்றே உட்கார்ந்து மூச்சு வாங்கும் ஊர் அது. காரில் வரும் குடும்பத்தார் வண்டியை ஏதோ ஒரு சந்தில் நிறுத்திவிட்டு, தரிசனம் முடித்துத் திரும்புகிறார்கள். கதவிலே ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு! சைக்கிள் கைப்பிடியோ, மாட்டுக் கொம்போ, யார் கண்டது? மாதத் தவணை இன்னும் பாக்கியிருக்கும் வண்டியானால், வலம் வந்த புண்ணியத்தில் பாதி அங்கேயே கரைந்து போகிறது.

பட்டறைக்குப் போனால் அந்தக் கதவு முழுவதற்கும் புதுச் சாயம் அடிக்க வேண்டும் என்பார்கள். இன்ஷ்யூரன்ஸில் கேட்கலாமே என்றால், இழப்பீடு கோராதவர்களுக்கு 20 முதல் 50 சதவிகிதம் வரை கிடைக்கும் தள்ளுபடியில் கை வைக்க வேண்டி வரும். ஆகையால் வீட்டிலேயே செய்யக்கூடியது எது, கூடாதது எது என்று தெரிந்து கொள்வது நல்லது.

இக்காலத்துக் காரின் மேல் அடிப்பூச்சு, வர்ணம், அதற்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற வார்னிஷ் என்று பல பூச்சுக்கள் உள்ளன. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நம் ஜனங்கள் நெடுங்காலம் கொண்டாடிய அம்பாஸடர் வண்டிகளில் பழையவற்றுக்கு மேல் வார்னிஷ் கிடையாது. துணியால் தேய்த்தால் துணியிலேயே நிறம் ஏறும். அந்த வண்டியைத் தேய்த்துப் பழகிய கை, புது வண்டியில் அடக்கமாயிருக்க வேண்டும்.

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, சோப்பு நீரால் கழுவி, நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்க்கவும். நகம் வழுக்கிச் சென்றால் கீறல் வார்னிஷோடு நின்றது. மிருதுவான துணியில் ரப்பிங் காம்பவுண்டைச் சிறிது தொட்டு, மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். வளைவுகளிலும் ஓரங்களிலும் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே பலம் காட்டலாகாது. தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அடுத்த முறை கழுவும் வரையில் அந்த வித்தை பலிக்கும்!

நிற்க. பூஜை போட்ட வண்டியில் விபூதியையும் சாலைத் தூசியையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது நம்மவர் வழக்கம். பல கீறல்களுக்கு அதுவே தாய். தூசியிலுள்ள மணல் துகள் பூச்சைவிடக் கடினமானது. தாராளமாகத் தண்ணீர் விட்ட பிறகே துடைக்க வேண்டும்.

நகம் தடுக்கி நின்று, உள்ளே தகரமும் தெரிந்தால் காம்பவுண்டு உதவாது. துரு இருந்தால் உப்புத்தாளால் நீக்கி, அடிப்பூச்சை மெல்லிய தூரிகையால் கீறலுக்குள் மட்டும் வைக்க வேண்டும். பிறகு வர்ணம். கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் குறியீடு இருக்கும். 'வெள்ளை' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது, கடைசியில் வார்னிஷ். சில நாள் இறுக விட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மேடு தட்டியதைச் சமன் செய்து மெருகேற்றலாம். உற்றுப் பார்த்தால் தழும்பு தெரியும். ஆனால் துரு பிடிக்காது. லாபம் அதுதான்.

கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து தெளிக்கும் இருகலவை வார்னிஷை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். அதிலுள்ள ஐஸோஸயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மின்னும் மெட்டாலிக் வர்ணத்தில் பெரிய கீறலானாலும் பட்டறைக்காரரே கதி.

பம்பர் பிளாஸ்டிக்கானால் அவசரமில்லை. அடுத்த சம்பளம் வரை பொறுக்கும். கதவில் தகரம் தெரிந்தாலோ, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.