கடைமடைப் பிள்ளைகள்

மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தனியே அமர்ந்து ஒரு மூடியைச் சுழற்றிக் கொண்டே இருக்கிறது. ‘அவன் அப்பனும் தாமதித்துத்தான் பேசினான்’ என்று பாட்டியார் தேற்றுகிறார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்து கொள்கிறார்கள். நேர்த்திக்கடனை நாம் குறை கூறவில்லை. ஆனால் மருத்துவரிடம் காட்டாமல் கழிந்த ஆண்டுகள் திரும்பி வாரா.

மருத்துவ உலகம் இதனை ஆட்டிசம் என்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 சிறுவர் சிறுமியரைக் கண்டு இதனை விரிவாக எழுதினார். தாயின் அன்புக் குறைவே காரணம் எனப் பின்னர் பல்லாண்டுகள் பழி சுமத்தினர். அது பொய்யென்று தெளிந்துவிட்டது. தடுப்பூசியாலும் இது வருவதன்று. அரசு ஏடுகளில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று வழங்கும் பெயர் நமக்கு உடன்பாடன்று. புற உலகின் ஒலியும் ஒளியும் அளவு மீறித் தாக்குவதாலன்றோ இப்பிள்ளைகளில் பலர் காதைப் பொத்திக் கொள்கின்றனர்!

மருந்து கொடுத்து மாற்றக் கூடியதன்று இது. பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சியும் வாரந்தோறும் வேண்டும். அங்கேதான் நம் காவிரிக் கழனிக் குடும்பங்கள் இடர்ப்படுகின்றன. பேராவூரணிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தஞ்சைக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. நடவுக் காலத்தில் அதுவும் இயலாது. பேருந்து இரைச்சலில் பிள்ளை அலறினால், ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று அயலார் முணுமுணுப்பர். சில வாரங்களில் தாய் சோர்ந்து நின்றுவிடுகிறாள். மேட்டூரில் நீர் திறந்தால் போதுமா? கடைமடைக்கு வந்து சேர வேண்டாமா?

வந்து சேர வழியுண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. அதில் பெற்றோரைப் பயிற்றியவர்கள் வல்லுநர்கள் அல்லர். பயிற்சி பெற்ற எளிய நலப் பணியாளர்களே. தாய் பிள்ளையோடு விளையாடுவதைப் படமெடுத்து அவளுக்கே காட்டினர். பிள்ளை நோக்குவதைத் தானும் நோக்கவும், அதன் பதிலுக்குப் பொறுமையாய்க் காத்திருக்கவும் கற்பித்தனர். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையாக ஆறு மாதம் இது நடந்தது. முற்றும் குணம் என்று எவரும் கூறவில்லை. ஆயினும் பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடித் தொடர்பு கொள்வது கூடிற்று.

நம் தமிழகத்திலேயே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களையே பயிற்றி, வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. வல்லுநர்கள் கைப்பேசிச் செயலி வழியே அவர்களுக்குத் துணை நிற்கின்றனர். 1981-இல் இதனைத் தொடங்கிய திரு. எஸ். இராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர்!

ஓராண்டாகியும் பெயருக்குத் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை இருப்பின், அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை வரவேண்டிய மருத்துவக் குழுவிடம் கூறுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது. சான்றிதழ் பெற்றோர், ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை தரும் ‘நிராமயா’ காப்பீட்டில் சேரலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

பங்குகளிலே மாதர் சங்கத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும், தாய் பயிற்சிக்குச் செல்லும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளலாம். சனிக்கிழமைகளில் மறைக்கல்வி அறையொன்றைப் பயிற்சிக்குத் திறந்து விடலாம். பூசை நேரத்தில் அப்பிள்ளை கத்தும்போது திரும்பிப் பாராதிருப்பதற்கோ எந்தச் சங்கமும் தேவையில்லை.