காபி ருசியைச் சோதிக்க ஒரு ஸ்பிரெட்ஷீட்

கம்ப்யூட்டருக்கும் காபிக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள், காபி பாத்திரம் காலியாகி விட்டதா என்று ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்துச் சலித்து, 1991ல் அதன் எதிரே ஒரு கேமராவைப் பொருத்தினர். 1993ல் அந்தப் படம் இன்டர்நெட்டிலும் வந்தது. 2001ல் நிறுத்தப்படும் வரை பல நாட்டவரும் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தனர்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரையும் காபிக்குப் பயன்படுத்தலாம். ஒரே எஸ்டேட்டில் விளைந்த அராபிகா கொட்டைகள் இப்போது வறுத்த தேதி அச்சிட்ட பாக்கெட்டில் கிடைக்கின்றன. நான் வாங்கியது 250 கிராம் 550 ரூபாய். ஆரஞ்சு, வெல்லம், முந்திரி என்று ருசிக் குறிப்பும் அதில் உண்டு. கூடவே கூம்பு வடிகட்டி, கிரைண்டர், நீண்ட மூக்கு உள்ள கெட்டில் என்று கருவிகள் வேறு. எல்லாவற்றையும் வாங்கினால் ஒரு மாத மளிகைச் செலவு போய்விடும். இவற்றில் எது உண்மையில் ருசியை மாற்றுகிறது? விலையைத் தெரிந்து கொண்டு குடித்தால் விடை கிடைக்காது. எந்தக் கப்பில் எது என்று தெரியாமல் குடிக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்பிரெட்ஷீட்.

மூன்று கப் சோதனை

மூன்று கப்களில் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மட்டும் வேறு காபி. வேறுபட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். காபி சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இந்த முறையில் பயிற்சி எடுக்கின்றனர். ஊற்றுபவர் ஒருவர், சுவைப்பவர் ஒருவர் என இருவர் தேவை. ஊற்றுபவர் தன் இஷ்டத்திற்குக் கப்பைத் தேர்ந்தெடுத்தால் சுவைப்பவர் ஊகித்து விடலாம். எனவே கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கட்டும்.

ஒர்க்‌ஷீட் தயாரித்தல்

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. முதல் வரிசையில் சுற்று, வேறு கப், ஒற்றைக் காபி, பதில், மதிப்பெண் என ஐந்து தலைப்புகளை டைப் செய்யவும். சுற்று என்பதன் கீழ் 1 முதல் 6 வரை எண்களை இடவும்.

வேறு கப் என்பதன் கீழ் உள்ள முதல் செல்லில் கிளிக் செய்யவும். மேலே பார்முலா பாரின் அருகில் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி, பட்டியலில் ரேண்ட்பிட்வீன் என்ற பங்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். பாட்டம் என்ற இடத்தில் 1, டாப் என்ற இடத்தில் 3 என்று கொடுத்து ஓகே செய்யவும். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஆறாவது சுற்று வரை இழுக்கவும். ஒற்றைக் காபி என்பதன் கீழும் இதே போல் செய்து, 1, 2 என்ற எல்லைகளைக் கொடுக்கவும். இது இரண்டு காபிகளில் எது ஒரே ஒரு கப்பில் வர வேண்டும் என்று சொல்லும்.

ஒன்றைக் கவனிக்கவும். ஒர்க்‌ஷீட்டில் எதை டைப் செய்தாலும் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அவற்றை செலக்ட் செய்து காப்பி செய்து, அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து, பேஸ்ட் ஸ்பெஷல் மூலம் வேல்யூஸ் மட்டும் பேஸ்ட் செய்யவும். இனி எண்கள் மாறாது. பைலை சேவ் செய்து, மானிட்டரை ஊற்றுபவர் பக்கம் திருப்பி விடுங்கள்.

காபி தயாரிக்கும் அளவு

எதைச் சோதிக்கிறோமோ அது மட்டுமே மாறலாம். மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். நான் பின்பற்றிய அளவு: தூள் 15 கிராம், நீர் 250 கிராம், வெப்பம் 93 டிகிரி செல்சியஸ். காகித வடிகட்டியில் தூளைப் போட்டு, முதலில் 45 கிராம் நீர் ஊற்றி 30 விநாடி விட வேண்டும். பிறகு மீதி நீரை மெதுவாக ஊற்றினால் மொத்தம் மூன்று நிமிடத்தில் இறங்கி விடும். சமையலறை டிஜிட்டல் தராசு அவசியம். இரண்டு காபிகளையும் ஒரே மாதிரி பிளாஸ்க்குகளில் வைத்து, கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றினால் ஒருவருக்கு ஆறு சுற்றும் வரும். பால், சர்க்கரை கூடாது.

எங்கள் வீட்டு முடிவு

தங்கை ஊற்ற, அம்மாவும் நானும் தனித்தனியாகச் சுவைத்தோம். "பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, இது கஷாயம்டா" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா உட்கார்ந்தார். கிரைண்டரும் கெட்டிலும் நண்பரிடம் இரவல் வாங்கியவை.

முதல் சோதனை, 550 ரூபாய் கொட்டைக்கும், காபித் தூள் கடையில் அரைக்காமல் வாங்கிய சிக்கரி கலக்காத பிளான்டேஷன் ஏ கொட்டைக்கும். அம்மா ஆறுக்கு ஆறு, நான் ஐந்து.

இரண்டாவது, ஒரே கொட்டையை மிக்ஸியிலும் கையால் சுற்றும் கிரைண்டரிலும் அரைத்தது. இருவருமே ஐந்து. மிக்ஸி பிளேடு வெட்டும்போது மாவும் குருணையும் கலந்து வருகிறது. மாவிலிருந்து கசப்பு அதிகம் இறங்குகிறது, குருணை சரியாக இறங்காமல் புளிப்பாக நிற்கிறது. கிரைண்டரில் இரு பற்சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தூளை ஏறக்குறைய ஒரே அளவாக்குகிறது.

மூன்றாவது, 2,800 ரூபாய் கெட்டிலுக்கும், மூக்கு வைத்த நம் எவர்சில்வர் ஜக்குக்கும். அம்மா மூன்று, நான் இரண்டு.

எத்தனை சரி என்றால் நம்பலாம்?

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகும். ஆறு சுற்றில் சராசரியாக இரண்டு. ஆறு சுற்றுக்கு மொத்தம் 729 சமவாய்ப்பு உண்டு. அவற்றில் நான்கும் அதற்கு மேலும் ஊகத்தால் சரியாவது 73, அதாவது 100க்குப் பத்து. ஐந்தும் அதற்கு மேலும் சரியாவது 13 மட்டுமே, 100க்கு இரண்டுக்கும் குறைவு. எனவே ஐந்து வந்தால் நாக்கை நம்பலாம். கெட்டிலில் எங்களுக்கு வந்தது ஊக அளவுதான். மதிப்பெண் செல்களில் சரி என்றால் 1, தவறு என்றால் 0 இட்டு, சிக்மா அடையாளமுள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் மொத்தம் கிடைத்து விடும்.

வித்தியாசம் வேறு, விருப்பம் வேறு

ஆறுக்கு ஆறு வாங்கிய அம்மாவிடம் எது பிடித்தது என்று கேட்டேன். "இரண்டும் வேண்டாம், சாயங்காலம் டிகாக்‌ஷன் போடு" என்றார். சிக்கரி கலந்த தூளில் பால் சேர்த்த காபியே அவருக்குக் காபி. விலை கூடிய கொட்டை வேறு மாதிரி இருக்கிறது என்பதைத்தான் சோதனை காட்டும், உங்களுக்கு அது பிடிக்கும் என்று காட்டாது. அதனால் ஒர்க்‌ஷீட்டில் ஆறாவது தலைப்பாக விருப்பம் என்று ஒன்றைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கிரைண்டர் வாங்கினோம், கெட்டில் வாங்கவில்லை. எஸ்டேட் கொட்டை எனக்கு மட்டும் மாதம் ஒரு பாக்கெட். உங்கள் வீட்டு முடிவு வேறாக இருக்கலாம். பைலை அழித்து விடாதீர்கள். இரண்டு டீத்தூள், இரண்டு அரிசி, ஏன், 128 கேபிபிஎஸ் பாட்டும் 320 கேபிபிஎஸ் பாட்டும் கூட இதே ஒர்க்‌ஷீட்டில் சோதிக்கலாம்.