அறுபத்து மூன்று நாட்கள்

புரட்சி வீரர் என்றதும் துப்பாக்கியும் வெடிகுண்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஜதீந்திரநாத் தாஸ் தம் தோழர்களுக்கு வெடிகுண்டு செய்யக் கற்றுக் கொடுத்தவர்தாம். ஆனால், அவர் உயிர் நீத்தது எதற்காக?

லாகூர்ச் சதி வழக்கில் 1929 ஜூனில் அவர் கைதானார். சிறையில் ஐரோப்பியக் கைதிக்கு ஒரு நீதி, இந்தியனுக்கு வேறு நீதி! உண்ணத்தக்க உணவு, தூய உடை, படிக்க நூல்கள், நாளிதழ்கள் ஆகியவற்றையே தோழர்கள் கேட்டனர். பகத்சிங்கும் தத்தும் முன்பே தொடங்கியிருந்த உண்ணாவிரதத்தில் ஜூலை 13 அன்று தாஸும் மற்றவர்களும் சேர்ந்தனர். அதிகாரிகள் மூக்கில் குழாயைச் செருகி வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றினர். பால் நுரையீரலுக்குள் சென்றது. உடல் சீர்கெட்டும் உறுதி குலையவில்லை. 63ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று, தாஸ் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 24. லாகூரிலிருந்து ரயிலில் வந்த அவர் உடலைக் கல்கத்தா மாபெரும் ஊர்வலமாக எடுத்துச் சென்றது.

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தைக்குக் கையெழுத்து மட்டுமே தெரியும். ஆயினும் நூலகப் புத்தகத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்த நாட்கள் எனக்கு உண்டு. படிக்க நூல் வேண்டும் என்று கேட்டுப் பட்டினி கிடந்தவர்களை அறிந்தபின், இப்போது அதற்கு மனம் வருவதில்லை.